எதை விட்டுக்கொடுத்தால் ஸ்போர்ட்ஸ் கார்?

கோவையில் கார் பிரியர்கள் நான்கு பேர் கூடினால் தவறாமல் எழும் வழக்கு ஒன்று உண்டு. எந்த வண்டியை ஸ்போர்ட்ஸ் கார் கணக்கில் சேர்ப்பது? சைலன்சரை மாற்றி, பின்னால் ஸ்பாய்லர் மாட்டிய ஹேட்ச்பேக்கைச் சேர்க்கலாமா? 650 குதிரைத்திறன் கொண்ட லம்போர்கினி உருஸைச் சேர்க்கலாமா? பின்னால் இரண்டு சிறு இருக்கைகள் உள்ள போர்ஷே 911? செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் சீறும் ஒற்றை இருக்கை வண்டி? என்னைக் கேட்டால் இந்த நான்கில் 911 ஒன்றுதான் தேறும். ஏன் என்று சொல்வதற்கே இந்தக் கட்டுரை.

சட்டத்திடம் போனால் தீர்ப்புக் கிடைக்காது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்துக்கு ஃபெராரியும் மாருதி ஆல்டோவும் 'மோட்டார் கார்'தான். வரி போடுகிறவர்கள் நீளத்தையும் என்ஜின் அளவையும் பார்க்கிறார்கள்: பெட்ரோல் வண்டி 4 மீட்டருக்குள்ளும் 1200 சி.சி.க்குள்ளும் இருந்தால் சின்னக் கார், தாண்டினால் பெரிய கார். ஓட்டும்போது அது எப்படி நடந்துகொள்கிறது என்பது ஆர்.சி. புத்தகத்தின் எந்தக் கட்டத்திலும் இல்லை.

விலை, வேகம், குதிரைத்திறன், இரண்டு கதவு, திறந்த கூரை என்று ஆளுக்கொரு அளவுகோல் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் விதிவிலக்குகள் வரிசையில் நிற்கும். எனக்கு நிலைத்து நிற்பதாகத் தெரியும் அளவுகோல் ஒன்றுதான். ஒரு காரை வடிவமைக்கும்போது ஓட்டுபவரின் கைக்கும் மற்றவர்களின் வசதிக்கும் இடையே நூறு இடங்களில் மோதல் வரும். டிக்கியைப் பெரிதாக்கலாமா, என்ஜினை நடுவுக்குத் தள்ளலாமா? இருக்கையை உயர்த்தி ஏறி இறங்க வசதி செய்யலாமா, தாழ்த்தி வண்டியின் கனத்தைத் தரையோடு வைக்கலாமா? இந்த மோதல்களில் பெரும்பாலானவற்றை ஓட்டுபவருக்குச் சாதகமாகத் தீர்த்து, அதே சமயம் பெட்ரோல் பங்க்குக்கும் அலுவலகத்துக்கும் போய்வரக்கூடியதாகச் செய்த சாலைக் கார்தான் ஸ்போர்ட்ஸ் கார்.

கொங்கு நாட்டில் வளர்ந்தவர்களுக்கு இது புதிய செய்தி இல்லை. பாரம் ஏற்றும் மாட்டு வண்டி வேறு, வில் வண்டி வேறு, ரேக்ளா வண்டி வேறு. பார வண்டிக்கு மூட்டைகள் அடுக்க அகலமான தட்டு வேண்டும். வில் வண்டியில் குலுங்காமல் போவதற்கு வில்லும், வெயிலுக்குக் கூண்டும் உண்டு. குடும்பத்தோடு நெடுந்தூரம் போகலாம். உடுமலை, பொள்ளாச்சிப் பக்கம் 200 மீட்டரையும் 300 மீட்டரையும் நொடிக் கணக்கில் ஓடும் ரேக்ளா வண்டியில் மூட்டைக்கும் இடமில்லை, மாமியாருக்கும் இடமில்லை. சக்கரம், அச்சு, ஏர்க்கால், ஓட்டுகிறவர் நிற்கவோ உட்காரவோ ஒரு சிறு பலகை, அவ்வளவுதான். மூன்றிலும் பூட்டுவது காங்கேயம் காளைகளாகவே இருக்கலாம். காளையின் வலு எவ்வளவு என்பது வண்டியின் இனத்தை முடிவு செய்வதில்லை. வண்டியை எதற்காகச் செதுக்கினார்கள் என்பதே முடிவு செய்கிறது.

கார் உலகில் இந்தச் செதுக்கல் தொடங்கியது நூறு ஆண்டுகளுக்கும் முன்னால். ஜெர்மனியில் 1908 முதல் 1911 வரை இளவரசர் ஹென்றியின் பெயரில் நெடுந்தூரக் கார் போட்டிகள் நடந்தன. 1910 போட்டிக்கு பிரிட்டனின் வாக்ஸ்ஹால் நிறுவனம் 3 லிட்டர் என்ஜின் பொருத்திய கார்களை அனுப்பியது. பின்னர் அந்த வடிவத்தைப் பொதுமக்களுக்கும் விற்றது. முதல் ஸ்போர்ட்ஸ் கார் என்று பலரும் கைகாட்டுவது அந்த 'பிரின்ஸ் ஹென்றி'யைத்தான். அதே போட்டிக்கு ஆஸ்ட்ரோ டைம்லர் சார்பில் கார் செய்துகொண்டு வந்து தானே ஓட்டி வென்றவர் ஃபெர்டினாண்ட் போர்ஷே. 1923-இல் பிரான்சில் லெ மான் 24 மணி நேரப் பந்தயம் தொடங்கியபோதும் களத்தில் இறங்கியவை கடையில் வாங்கக்கூடிய சாலைக் கார்கள்தான்; பெரிய என்ஜின் கொண்டவற்றுக்கு நான்கு இருக்கைகள் கட்டாயம் என்று விதியே இருந்தது. ஆகவே இரண்டு இருக்கைதான் இலக்கணம் என்று அடித்துப் பேசுகிறவர்கள் 1924-இல் அங்கே வென்ற பென்ட்லியை வெளியே நிறுத்த வேண்டியிருக்கும்.

நம் ஊர்க்காரர்களுக்கு இன்னும் நெருக்கமான சான்று ஒன்று இருக்கிறது. சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1960-களில் தயாரித்த ஹெரால்டு காரைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். டாக்டர்களும் வக்கீல்களும் வைத்திருந்த, சாதுவான குடும்பக் கார் அது. இங்கிலாந்தில் அதே ஹெரால்டின் அடிச்சட்டத்தை எடுத்து, முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையிலான நீளத்தை ஏறத்தாழ எட்டரை அங்குலம் குறைத்தார்கள். பின் இருக்கையை நீக்கினார்கள். கூரையைத் துணியாக்கினார்கள். இத்தாலியரான மிச்சலோட்டி தாழ்வான உடல் ஒன்றை வரைந்து கொடுத்தார். 1962-இல் அது ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற பெயரில் வெளிவந்தது. 1147 சி.சி., 63 குதிரைத்திறன், எடை சுமார் 710 கிலோ. இன்றைக்கு டவுன் பஸ் பின்னால் தவழும் சாதாரண ஹேட்ச்பேக்குக்கும் அதைவிடக் கூடுதல் திறன் உண்டு. ஆனாலும் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் கார்தான் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஹெரால்டு எதையெல்லாம் குடும்பத்துக்குக் கொடுத்ததோ அதையெல்லாம் ஸ்பிட்ஃபயர் திரும்ப வாங்கி ஓட்டுபவரிடம் கொடுத்தது. (ஹெரால்டின் பின்புற சஸ்பென்ஷனும் கூடவே வந்துவிட்டது. வளைவில் திடீரென்று ஆக்சிலரேட்டரை விட்டால் பின் சக்கரம் உள்வாங்கி வண்டியைச் சுழற்றிவிடும் தன்மை அதற்கு இருந்தது. பிற்கால மாடல்களில்தான் அதைச் சரிசெய்தார்கள்.)

எடை ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை ஒரு கொண்டை ஊசி வளைவில் வைத்துப் பார்த்தால்தான் விளங்கும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் சாலையில் 40 கொண்டை ஊசிகள். பண்ணாரியிலிருந்து திம்பத்துக்கு 27. கொல்லிமலைக்கு 70. இவற்றில் ஏதோ ஒரு வளைவை 12 மீட்டர் ஆரமுள்ள அரைவட்டம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு டன் எடையுள்ள கார் அதில் 30 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பினால், அதை வட்டப் பாதையில் பிடித்து நிறுத்த டயர்கள் பக்கவாட்டில் கிட்டத்தட்ட 590 கிலோ அளவுக்கு இழுத்துப் பிடிக்க வேண்டும். 35 கிலோமீட்டர் என்றால் 800 கிலோ. 40 என்றால் 1,050 கிலோ. அதாவது வண்டியின் எடையையே மிஞ்சிவிட்டது. காய்ந்த தார்ச்சாலையில் சாதாரணக் குடும்பக் காரின் டயர்கள் தாங்குவது வண்டி எடையில் முக்கால் பங்குக்குச் சற்று மேலேதான். ஆக, சொகுசாகத் திரும்புவதற்கும் சறுக்கிப் பள்ளத்தை நோக்கிப் போவதற்கும் இடையே இருப்பது 10 கிலோமீட்டர் வேகம் மட்டுமே. இந்த 10 கிலோமீட்டருக்குள் என்ன நடக்கிறது என்பதை ஓட்டுபவருக்கு முன்கூட்டியே தெரிவிக்கும் திறமைதான் ஸ்போர்ட்ஸ் காரின் முதல் திறமை.

வண்டி இரு மடங்கு கனமானால் இழுக்க வேண்டிய விசையும் இரு மடங்காகும். டயரின் பிடியோ அந்த விகிதத்தில் கூடாது. பாரம் ஏற ஏற ஒவ்வொரு கிலோவுக்கும் அது கொடுக்கும் பிடி குறைந்துகொண்டே போகும். உயரமான எஸ்.யூ.வி.க்கு இதில் இரட்டை நஷ்டம். திரும்பும்போது அதன் கனம் வெளிப்புறச் சக்கரங்களின் மேல் சாய்கிறது. உள்பக்க டயர்கள் சும்மா உருள, வெளிப்பக்க டயர்கள் அளவுக்கு மீறிச் சுமக்கின்றன. நான்கு டயரும் பகிர்ந்துகொண்டால் கிடைத்திருக்கும் பிடி இப்போது கிடைப்பதில்லை. ஸ்போர்ட்ஸ் கார் ஏன் தரையோடு தரையாகக் கிடக்கிறது என்பதற்குக் காரணம் இதுதான். அழகு அதோடு சேர்ந்து வந்த வரவு.

அடுத்தது கனம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது. என்ஜினும் கியர் பெட்டியும் முன் சக்கரத்துக்கு முன்னால் தொங்கினால், ஸ்டியரிங்கைத் திருப்பிய பிறகும் மூக்கு நேராகவே போகப் பார்க்கும். கனமான பாகங்கள் வண்டியின் நடுப்பகுதியை ஒட்டி இருந்தால் சின்னத் திருப்பலுக்கே வண்டி இணங்கும். 1989-இல் வெளிவந்த மஸ்டா எம்.எக்ஸ்-5 இதற்குச் செம்மையான எடுத்துக்காட்டு. என்ஜினை முன் அச்சுக்குப் பின்னால் நகர்த்தி, முன்னும் பின்னும் ஏறத்தாழ சரிபாதி எடை வரும்படி செய்தார்கள். கியர் பெட்டியையும், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலையும் ஓர் அலுமினியச் சட்டத்தால் பிணைத்தார்கள். ஆக்சிலரேட்டரை மிதித்த நொடியே பின் சக்கரம் பதில் சொல்ல வேண்டும் என்பதற்காக. 1.6 லிட்டர் என்ஜின், 120-ஐத் தாண்டாத குதிரைத்திறன், ஒரு டன்னுக்கும் குறைந்த எடை. குதிரையும் அதில் ஏறியவனும் ஓருடலாவது என்று பொருள்படும் ஒரு ஜப்பானியத் தொடரைத்தான் அந்தப் பொறியாளர்கள் தங்கள் இலக்காக வைத்திருந்தார்கள். 2016-இல் அதன் உற்பத்தி எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தொட்டது. உலகில் அதிகம் விற்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் அதுதான்.

2012-இல் டொயோட்டா செய்த காரியம் எனக்கு இதைவிடப் பிடித்தமானது. 86 என்ற தன் ஸ்போர்ட்ஸ் காருக்கு, பிரியஸ் ஹைப்ரிட் காரில் வருகிற அதே ரக டயரைப் போட்டது. பிடி குறைந்த, குறுகலான டயர் அது. அகலமான டயர் போட்டிருந்தால் பந்தய நேரம் குறைந்திருக்கும். விளம்பரத்தில் போட்டுக்கொள்ள நல்ல எண் கிடைத்திருக்கும். அதற்குப் பதிலாக, மிதமான வேகத்திலேயே வண்டியின் எல்லையை ஓட்டுபவர் தொட்டுப் பார்க்கட்டும் என்று நினைத்தார்கள். வேகத்தையே கொஞ்சம் விட்டுக்கொடுத்து உணர்வை வாங்கிய அந்த ஒரு முடிவில் ஸ்போர்ட்ஸ் காரின் முழு இலக்கணமும் அடங்கியிருக்கிறது.

இந்தப் பாடத்தைக் கோவை வேறு வழியில் கற்றிருக்கிறது. இங்கே பிறந்த எஸ். கரிவர்தன், பந்தய ஓட்டுநராக இருந்ததோடு பந்தய வண்டிகளைக் கட்டுகிறவராகவும் இருந்தார். 1980-களின் பிற்பகுதியில், மாருதி 800-இன் மூன்று சிலிண்டர், 796 சி.சி. என்ஜினையே வைத்து அவர் உருவாக்கிய ஒற்றை இருக்கை வண்டிதான் ஃபார்முலா மாருதி. குடும்பத்தோடு பழனிக்குப் போய்வரும் காரின் என்ஜின், எடை குறைந்த குழாய்ச் சட்டத்துக்குள் உட்கார்ந்ததும் பந்தயக் குதிரையாகிவிட்டது. வெளிநாட்டுப் பழைய வண்டிகளை நம்பியிருந்த ஒரு தலைமுறைக்கு, கைக்கு எட்டும் செலவில் பந்தயத்துக்குள் நுழைய அதனால் வழி பிறந்தது. கோவைக்காரரான நரேன் கார்த்திகேயன் தன் தொடக்கக் காலப் பந்தயத்தை ஓட்டியது அந்த வண்டியில்தான். 2005-இல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா ஒன்னில் இறங்கிய முதல் இந்தியர் ஆனார் அவர். கரிவர்தன் 1995-இல் விமான விபத்தில் காலமானார். செட்டிபாளையத்தில் 2 கிலோமீட்டரைச் சற்றே தாண்டும் அந்தப் பந்தயச் சாலை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இத்தனை மதிப்பு வைத்திருந்தும் அந்த ஒற்றை இருக்கை வண்டியை நான் ஸ்போர்ட்ஸ் காரில் சேர்க்காததற்குக் காரணம், அது விட்டுக்கொடுக்க ஒன்றுமே மிச்சம் வைக்கவில்லை என்பதுதான். அதற்கு முகப்பு விளக்கு இல்லை, நம்பர் பிளேட் இல்லை, மழைக்குத் துடைப்பான் இல்லை. லாரியில் ஏற்றித்தான் களத்துக்குக் கொண்டுபோக வேண்டும். ஸ்போர்ட்ஸ் கார் சாலையின் சட்டத்துக்கும் கட்டுப்பட்டு, ஓட்டுபவரின் ஆசைக்கும் ஈடு கொடுக்க வேண்டும். அந்த இழுபறி இல்லாத வண்டி பந்தய வண்டி. அது தனி இனம்.

மறுபக்கம் கிராண்ட் டூரர்கள். இரண்டு கதவும் பெரிய என்ஜினும் உண்டு. ஆனால் மெத்தென்ற இருக்கை, அடக்கமான ஓசை, பெட்டி வைக்க இடம் என்று எல்லாம் நெடுந்தூரப் பயணத்துக்காக. கோவையிலிருந்து பெங்களூருக்கு அலுப்பில்லாமல் போக அதைவிட நல்ல வண்டி கிடையாது. சூப்பர் கார்களைப் பொறுத்தவரை, அவை பெரும்பாலும் ஸ்போர்ட்ஸ் காரின் உச்ச வடிவங்களே. ஆனால் சாலையில் அவற்றின் திறமையில் கால்வாசியைக்கூடப் பயன்படுத்த முடியாது என்பதால் என் மனம் அவற்றில் ஒட்டுவதில்லை.

உருஸ் தேறாததன் காரணம் இந்நேரம் விளங்கியிருக்கும். 2.2 டன் எடையை உயரத்தில் வைத்துக்கொண்டு, அதை ஈடுகட்ட மின்னணுச் சாதனங்களை அடுக்கியிருக்கிறார்கள். அசுர வேகம் உண்மை. ஐந்து பேர் உட்காரும் உயரமான குடும்ப வண்டி என்ற அடிப்படையை அது எந்த இடத்திலும் விட்டுக்கொடுக்கவில்லை என்பதும் உண்மை. 911-இன் கதை நேர்மாறு. அதன் பின் இருக்கையில் சின்னக் குழந்தைகள்தான் உட்கார முடியும். இருக்கை என்று சொல்வதே மரியாதைக்குத்தான். 1963-இல் 901 என்ற எண்ணோடு அறிமுகமாகி, நடுவில் பூஜ்யம் வரும் எண்கள் தங்களுடையவை என்று பெஜோ நிறுவனம் எதிர்ப்புத் தெரிவித்ததால் 911 ஆன அந்தக் கார், என்ஜினைப் பின் அச்சுக்கும் பின்னால் வைத்திருக்கிறது. கோட்பாட்டின்படி அது கனத்துக்குத் தகாத இடம். அறுபது ஆண்டுகளாக அந்தக் குறையையே ஓட்டுபவருக்கு உகந்த குணமாக மாற்றிச் செதுக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

என்னைத் தயங்க வைப்பது சூட்டிகையான ஹேட்ச்பேக்குகள்தான். 1976-இல் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜி.டி.ஐ. வந்தபோது அது ஒரு டன்னுக்கும் குறைவு, 110 குதிரைத்திறன். வளைவுச் சாலைகளில் பெயர்பெற்ற பல ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு அது தண்ணி காட்டியது. நம் ஊரில் 2013-இல் வந்த போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ.க்கு இன்றும் கோவையில் அடியார் கூட்டம் உண்டு. சஸ்பென்ஷன், பிரேக், டயர் எல்லாவற்றையும் முறையாகச் சேர்த்துச் செதுக்கிய ஹேட்ச்பேக் ஸ்போர்ட்ஸ் காரின் வேலையைச் செய்யும். அதை ஓட்டும் மகிழ்ச்சியில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் அதன் எலும்புக்கூடு குடும்பத்துக்காகப் போட்டது. பங்காளி வீடு என்று சொல்லலாம். ஒரே வீடு ஆகாது. சைலன்சரை மட்டும் மாற்றியவர்களுக்கு அந்தப் பங்காளி உரிமையும் இல்லை. ஓசை கூடியதால் வண்டியின் ஒரு கிலோகூடக் குறையவில்லை. ஸ்பாய்லர் ஏறிய வகையில் கூடத்தான் செய்திருக்கிறது.

இந்தியாவிலேயே இப்படிச் செதுக்க முயன்றவர்கள் இல்லாமல் இல்லை. 1990-களின் கடைசியில் வந்த சான் ஸ்டார்ம் இரண்டு இருக்கை, ஃபைபர் உடல், ரெனோவின் 1149 சி.சி. என்ஜின், சுமார் 60 குதிரைத்திறன் கொண்டது. வேகத்தில் அசத்தவில்லை என்று அதைக் கைகழுவியவர்கள் ஸ்பிட்ஃபயரின் எண்களை ஒருமுறை பார்க்க வேண்டும். அது விற்காமல் போனதற்கு நம் வாழ்க்கை முறையே போதுமான காரணம். ஒரு வீட்டுக்கு ஒரு கார் என்ற காலத்தில், கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் ஐந்து பேரை ஏற்றாத வண்டியை யார் வாங்குவார்கள்? அடிவயிறு தட்டும் வேகத்தடைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மின்சாரக் கார்கள் வந்தபின் வழக்கு இன்னும் கூர்மையாகியிருக்கிறது. மஹிந்திராவின் குடும்ப மின்சாரக் காரே 100 கிலோமீட்டர் வேகத்தை 7 நொடிக்குள் எட்டுவதாக நிறுவனம் சொல்கிறது. ஒரு காலத்தில் ஸ்போர்ட்ஸ் கார்களின் சொத்தாக இருந்த பிக்கப், இன்று பேட்டரியோடு இலவசமாக வருகிறது. நேர்க்கோட்டு வேகத்தை இனி அளவுகோலாக வைக்கவே முடியாது. 2025-இல் இந்தியாவுக்கு வந்த எம்.ஜி. சைபர்ஸ்டரை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு இருக்கை, திறந்த கூரை, 510 குதிரைத்திறன், எடை ஏறத்தாழ 2 டன். அதே எம்.ஜி. பெயரில் 1945-இல் வந்த டி.சி., 54 குதிரைத்திறனும் சுமார் 800 கிலோ எடையும் கொண்டது. போர் முடிந்து ஊர் திரும்பிய அமெரிக்க வீரர்களுக்கு ஸ்போர்ட்ஸ் கார் ஆசையை ஊட்டியதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. சைபர்ஸ்டரின் பேட்டரி தரையில் கிடப்பதால் கனம் தாழ்ந்திருக்கிறது. அது அதற்குச் சாதகம். ஆனால் 2 டன்னை வளைவில் திருப்பும்போதும், மலை இறங்குகையில் பிரேக் போடும்போதும் எந்த மென்பொருளாலும் அந்த எடையை இல்லாமலாக்க முடியாது. அதை ஸ்போர்ட்ஸ் கார் பட்டியலின் கடைசியில் சேர்ப்பேன், தயங்கித்தான் சேர்ப்பேன். பேட்டரி இலேசாகும் நாளில் இந்தத் தயக்கம் போய்விடும். 2008-இல் லோட்டஸ் எலிஸின் அடிப்படையில் உருவான டெஸ்லா ரோட்ஸ்டர் சுமார் 1,300 கிலோதான் இருந்தது என்பதால் அது எட்டாத கனவும் இல்லை.

எடை குறைந்த வண்டி வளைவில் கைக்கு இணங்கும் அந்த அனுபவத்துக்காகக் கோடி ரூபாய் செலவழிக்க வேண்டியதில்லை. கரி ஸ்பீட்வேயில் சொந்தக் காரைக் கொண்டுபோய் ஓட்ட வாய்ப்புத் தரும் நாட்கள் உண்டு. வால்பாறைச் சாலையில் இந்தச் சோதனையைச் செய்ய நினைப்பவர்கள் அங்கே வளைவுக்கு அந்தப் பக்கம் அரசுப் பேருந்தும் வரையாடும் நிற்கும் என்பதை மனதில் வைக்க வேண்டும்; அது வேகத்துக்கான இடம் கிடையாது. ட்ராக்குக்குப் போகும் முன் பிரேக் ஆயிலைப் புதிதாக மாற்றுங்கள். பழைய ஆயில் ஈரத்தை உறிஞ்சியிருக்கும், சூட்டில் கொதித்து பெடல் பஞ்சுபோல் அமுங்கும். நல்ல டயர் போட்டு, காற்று சரிபார்த்து, ஸ்டெப்னியையும் டிக்கியில் கிடக்கும் சாமான்களையும் இறக்கி வைத்துவிட்டு முதல் வளைவுக்குள் நுழையுங்கள். இறக்கி வைத்த அந்த நாற்பது ஐம்பது கிலோவின் வித்தியாசம் ஸ்டியரிங்கில் கைக்குத் தெரியும்.